குர்துபாவுக்குக் கோச்சியில் போங்கள்



லண்டனிலும் பாரிஸிலும் பிள்ளைகளும் சகோதரர்களும் இருப்பதால், இப்போது எங்கள் ஊராக்களும் விசா எடுத்து ஐரோப்பாவுக்குப் போய் வருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விசயம். போகிறவர்களில் பலருக்கு இன்னொரு ஆசையும் உண்டு: அப்படியே ஸ்பெயினுக்கும் போய் குர்துபாப் பள்ளியையும் கர்னாத்தாவின் அல்ஹம்ராவையும் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்று. அங்கேதான் கேள்வி வருகிறது. நகரத்துக்கு நகரம் கோச்சியில் போவதா, கார் ஒன்றை வாடகைக்கு எடுப்பதா?

பெரும்பாலும் எங்கள் ஆக்கள் சொல்லும் பதில் கார்தான். "குடும்பத்தோட போறம், நம்மட பாட்டுக்கு நிப்பாட்டி நிப்பாட்டிப் போகலாம்" என்பார்கள். எனது கருத்து வேறு. நகரத்திலிருந்து நகரத்துக்கு என்றால் கோச்சி. கிராமங்களுக்கும் மலைக்கும் என்றால் மட்டும் கார். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது நேரம். எங்கள் நாட்டுக் கோச்சியை மனதில் வைத்துக்கொண்டு அங்குள்ளதை அளக்கக் கூடாது. மட்ரிட்டிலிருந்து குர்துபாவுக்கு ரோட்டால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், நிற்காமல் ஓடினாலும் நான்கு மணித்தியாலம். வேகக் கோச்சியில் ஒன்றே முக்கால் மணித்தியாலம். மட்ரிட் - செவில் பாதை 1992இலேயே திறக்கப்பட்டது. கர்னாத்தாவுக்கு 2019இலிருந்து வேகக் கோச்சி ஓடுகிறது. லண்டன் - பாரிஸும் அப்படித்தான். யூரோஸ்டாரில் இரண்டே கால், இரண்டரை மணித்தியாலத்தில் நகரத்தின் நடுவில் இறங்கலாம். காரில் என்றால் கடலைத் தாண்டிய பிறகும் கலேயிலிருந்து பாரிஸுக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர் இருக்கிறது, அதுவும் சுங்கக் கட்டணம் கட்டிக் கட்டி. விசா பத்து நாளைக்கு என்றால் அதில் இரண்டு நாளை ரோட்டில் கழிப்பதா?

இரண்டாவது காசு. காரின் நாள் வாடகையைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைக்கிறோம். அதோடு முழுக் காப்புறுதி, பெற்றோல், பார்க்கிங், பிள்ளைகளின் சீற்றுக்கு நாளுக்கு நாள் வாடகை எல்லாம் சேரும். ஒரு நகரத்தில் எடுத்து இன்னொரு நகரத்தில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம். வேறு நாட்டில் விட்டால் அது இன்னும் பெரிது. கடனட்டையில் ஒரு பெரிய தொகையைப் பிடித்தும் வைப்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. இதைவிடக் கமரா ஒன்று இருக்கிறது. குர்துபா, கர்னாத்தா, இத்தாலியின் புளோரன்ஸ், ரோம் போன்ற நகரங்களின் பழைய தெருக்களுக்குள் அனுமதியில்லாத வாகனம் நுழைந்தால் கமரா இலக்கத்தைப் பிடித்துவிடும். நீங்கள் ஊருக்கு வந்து மாதங்கள் கழிந்த பிறகு அபராதம் வரும். கார் கொம்பனியும் உங்கள் விபரத்தைக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு கட்டணம் வெட்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: கோச்சிக்குத் தலைக்குத் தலை டிக்கட். நான்கு ஐந்து பேர் என்றால், அதுவும் கடைசி நேரத்தில் எடுத்தால், கார் மலிவாகவே முடியலாம். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் வேகக் கோச்சி டிக்கட் விமான டிக்கட் மாதிரி. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆகவே விசா கைக்கு வந்த உடனே எடுங்கள். பல நாடுகளைச் சுற்றுபவர்களுக்கு யூரெயில் பாஸ் இருக்கிறது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவரோடு இலவசம், ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. ஆனால் பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி வேகக் கோச்சிகளில் ஆசனப் பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: உயிர். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் வாகனம் வலப்பக்கம் ஓடுகிறது. இங்கே சுற்றுவட்டத்தில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய கண், அங்கே இடப்பக்கம் பார்க்க வேண்டும். வாடகைக் கார்களில் கியர் வண்டிகள் நிறைய, கியரோ வலக்கையில். நெடுஞ்சாலையில் ஸ்பெயினில் 120, பிரான்ஸில் 130 வரை ஓடுவார்கள். இரவு விமானத்தில் தூங்காமல் வந்திறங்கிய ஒருவர், உம்மா வாப்பாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் இறங்குவது எந்த வகையில் நியாயம்?

அதைவிடக் கவலை, "தம்பி அங்க இருக்கான், அவன் ஓட்டுவான்" என்பது. அந்தத் தம்பி இரவு வேலை முடித்து, தூங்காமல், எங்கள் மீதுள்ள மரியாதைக்காக "சரி நாநா" என்று சொல்லி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். களைப்பு என்று அவன் வாய் திறக்க மாட்டான். கேட்க வேண்டியது நாங்கள்தான். அவன் அசந்தால் நாங்கள் ஓட்டலாம் என்று நினைப்பதும் பிழை. ஒப்பந்தத்தில் பெயர் எழுதாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும். கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தைப் பேணுவது எங்களுக்கு மார்க்கக் கடமையும்தான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு முன்சீற்றில் இருக்கும் பழக்கமும் அங்கே சரிவராது. ஸ்பெயினில் 135 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல் வளராத பிள்ளைக்குத் தனிச் சீற் சட்டம்.

"தொழுகைக்குக் கார்தானே லேசு?" என்று சிலர் கேட்பார்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஓய்விடம் வரும்வரை ஓடத்தான் வேண்டும். பயணிக்கு ஜம்உ, கஸ்ர் என்ற சலுகையை அல்லாஹ் தந்திருக்கிறான். இரண்டு மணித்தியாலக் கோச்சியை லுஹருக்கு முன்போ, லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுத பின்போ பிடிப்பது கஷ்டமில்லை. குர்துபாப் பள்ளி இப்போது கிறிஸ்தவத் தேவாலயம், அதற்குள் தொழ அனுமதியில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். கர்னாத்தாவின் அல்பைசீன் மேட்டில் 2003இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது, அங்கே தொழலாம்.

கோச்சியில் குறை இல்லையா? இருக்கிறது. ஜெர்மனியில் 2024இல் தூரக் கோச்சிகளில் 62.5 வீதம்தான் நேரத்துக்கு வந்தன. பிரான்ஸில் வேலைநிறுத்தம் வரும். அல்ஹம்ராவின் மாளிகைக்கு டிக்கட்டில் குறித்த நேரத்துக்கே விடுவார்கள் என்பதால், கோச்சி இறங்கிய அதே மணிக்கு அதை எடுக்காதீர்கள், மறுநாளுக்கு எடுங்கள். மாசியும் தொதலும் நிரப்பிய பெரிய பெட்டிகளை நீங்களேதான் தூக்கி ஏற்ற வேண்டும். அவற்றை லண்டனில் தம்பி வீட்டில் வைத்துவிட்டுச் சின்னப் பையோடு புறப்படுங்கள். ஸ்பெயினில் ஏறுமுன் பைகளை ஸ்கேன் பண்ணுவார்கள், புறப்பட முன்னரே வாசலை மூடிவிடுவார்கள். அரை மணித்தியாலம் முந்திப் போங்கள்.

கார் எடுக்க வேண்டிய இடமும் உண்டு. கர்னாத்தாவுக்குத் தெற்கே அல்புஜர்ரா மலைக் கிராமங்கள் இருக்கின்றன. 1568இல் மொரிஸ்கோ மக்கள் கிளர்ந்தெழுந்த மண் அது. அங்கே கோச்சி இல்லை, பஸ்ஸும் குறைவு. கர்னாத்தாவில் நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு நாளைக்கு மட்டும் கார் எடுத்து, அதே இடத்தில் திருப்பிக் கொடுங்கள். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலேயே ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடக்க முடியாத வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கும் கார் தேவைப்படலாம். அப்போது ஓட்டுபவருக்கு ஓய்வு கொடுங்கள்.

அங்கே கோச்சியில் போவது காசில்லாதவர் செய்யும் வேலையல்ல. வசதியுள்ளவர்களும் அதில்தான் போகிறார்கள். "யூரோப்பில் கார் ஓட்டினேன்" என்று படம் போடுவதற்காக உம்மாவையும் பிள்ளைகளையும் தெரியாத ரோட்டில் கொண்டுபோக வேண்டாம். போகிற எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.