பேட்டைப் பெயரில் என்ன குற்றம்?

போன மாதம் எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பேரன் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போய் வந்தான். டிப்ளமோ முடித்தவன். சான்றிதழ்களைப் புரட்டியவர் முகவரியைப் பார்த்ததும், "வாணரப்பேட்டையா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு கேள்வியே இல்லை. "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை.

கடற்கரையில் கூட நடக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் என் வயதுக்காரர்கள். "அங்கே குற்ற விகிதம் அதிகம் சார், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?" என்றார் ஒருவர். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

குற்ற விகிதம் என்பது லட்சம் பேருக்கு எத்தனை வழக்குகள் பதிவாயின என்ற கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதை மாநிலம், பெருநகரம் என்று வெளியிடுகிறது, பேட்டைவாரியாக அல்ல. நண்பர் சொன்ன விகிதம் டீக்கடை விகிதம். அப்படியே கணக்கெடுத்தாலும் அது பதிவேட்டின் கணக்குதான். ஆயுளில் பாதியைப் பதிவேடு எழுதியே கழித்த குமாஸ்தா நான். பதிவேட்டில் ஏறாதது நடக்கவே இல்லை என்றாகிவிடும். ரோந்து வண்டி தினமும் நிற்கிற தெருவில் காசு வைத்துச் சீட்டாடினால் வழக்கு. பங்களா மாடியில் ஆடினால் பொழுதுபோக்கு.

அங்கே ரவுடித்தனமே இல்லையென்று வாதாட வரவில்லை. கத்தியும் நாட்டு வெடிகுண்டும் உயிர்களைக் குடித்திருக்கின்றன. ஆனால் அதற்கு முதலில் பயப்படுகிறவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தானே? விளக்கு எரியாத சந்தில் வேலை முடிந்து வருகிற பெண்ணுக்கும், சாக்கடைத் தண்ணீர் புகுந்த வீட்டில் கட்டில்மேல் பிள்ளைகளை ஏற்றி வைக்கிற தாய்க்கும் அந்தப் பேட்டைதான் முகவரி.

அந்தப் பக்கத்துக்குச் சோறு போட்டவை மில்கள். 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தால்தான் நம் ஊருக்கு 8 மணி நேர வேலை வந்தது. ஏ.எப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. தாத்தாவுக்குச் சங்கு ஊதியது, அவர் சைக்கிளை எடுத்தார். பேரனுக்கு ஊதச் சங்கு இல்லை.

நம் உறவுக்காரர்கள் பலர் பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். அங்கும் இதே வியாதிதான். விண்ணப்பத்தில் எந்தப் பகுதி என்று பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள். 2014-ல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது: குடியிருக்கும் இடத்தைக் காரணமாக்கி வேலை மறுப்பது குற்றம். அதனால் வியாதி தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்தச் சட்டப்படி பார்த்தால், அன்றைய நேர்காணல் அறையில் குற்றவாளி முகவரி எழுதிய பையன் அல்ல, முகவரியைப் படித்தவர்.

சந்தேகம் இருந்தால் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேளுங்கள். அதை ஆளுக்குத்தான் கொடுக்கிறார்கள், தெருவுக்கு அல்ல. வேலையில்லாமல் திரும்பிய பையன் சாயங்காலம் எந்த முனையில் நிற்பான், அவன் தோளில் யார் கை போடுவார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர்கள் நாம். அந்த மாதிரிப் பையனுக்காக ஒரு வார்த்தை சொல்லி ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள். குற்ற விகிதத்தைப் பிறகு பேசலாம்.