சுடுநீரில் லித்தியம் தேடும் முன்

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் பழைய ஈயக் கப்பல் ஒன்று நிற்கிறது. 1938இல் கட்டப்பட்டு 1982 வரை மண்ணை வாரியது. அதன் வயிற்றுக்குள் நடந்தது எளிய வேலைதான்: கனமான தாது அடியில் தங்கும், மணல் நீரோடு ஓடிவிடும். ஆற்றில் டூலாங் தட்டு சுழற்றிய பெண்கள் செய்ததும் அதுவே.

நீரில் கரைந்துவிட்ட உலோகத்தை அப்படிப் பிரிக்க முடியாது. அதற்குத்தான் உறிஞ்சுபொருள்கள். லித்தியம் கலந்த மாங்கனீசு ஆக்சைடை அமிலத்தில் கழுவினால் லித்தியம் வெளியேறி, அதன் அளவுக்கே நுண்ணிய வெற்றிடங்கள் மிஞ்சும். உப்புநீரைச் செலுத்தினால், பெரிய சோடியம் வெளியே நிற்க லித்தியம் உள்ளே நுழையும். ஆனால் ஒவ்வோர் அமிலக் கழுவலிலும் மாங்கனீசு கொஞ்சம் கரைந்து போகும். அலுமினிய ஹைட்ராக்சைடு வகைக்கு அமிலம் வேண்டாம், நல்ல தண்ணீரே லித்தியத்தை விடுவிக்கும். அந்தத் தண்ணீரோ நிறையத் தேவை.

கலிபோர்னியாவின் சால்டன் ஏரிப் பகுதியில், மின்சாரம் எடுத்தபின் திரும்பும் சுடுநீரில் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் லித்தியம் உண்டு. இதைப் படித்துவிட்டு, தம்பூன், சுங்கை கிளா, உலு சிலிம் என நம் பேராக்கிலும் சுடுநீர் ஊற்றுகள் உள்ளனவே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மின்சாரக் கார் பேட்டரிக்குச் சுமார் 8 கிலோ லித்தியம் என்று வைத்துக்கொள்வோம். சால்டன் நீரில் அது 40,000 லிட்டரில் இருக்கிறது. லிட்டருக்கு ஒரே மில்லிகிராம் உள்ள நீர் என்றால் 80 லட்சம் லிட்டர்! நம் ஊற்றுகள் பெரும்பாலும் மழைநீர் கிரானைட் பிளவுகளில் ஆழமாக இறங்கிச் சூடேறி மேலே வருபவை. உப்பு குறைந்த அந்த நீரில் குளிக்கலாம், முட்டை வேகவைக்கலாம். லித்தியச் சுரங்கம் என்று பங்கு விற்க வந்தால் நம்பாதீர்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை கழிவு. கிரானைட் பாறையில் யுரேனியமும் தோரியமும் இருக்கும். ரைன் பள்ளத்தாக்கின் சுடுநீர்க் குழாய்களில் படியும் உப்புப் படிவில் ரேடியம் சேர்வது தெரிந்த செய்தி. உறிஞ்சுபொருளோ அதன் முன்வடிகட்டியோ வேண்டாததையும் சேர்த்துப் பிடித்தால், தேய்ந்தபின் அதை எங்கே கொட்டுவது?

இந்தக் கேள்வி நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஈய லம்பத்தில் மிஞ்சிய அமாங் மணலின் மோனசைட்டிலிருந்து அருமண் எடுக்க 1982இல் புக்கிட் மேராவில் ஆலை வந்தது. தோரியக் கழிவைப் பாப்பானில் புதைக்கப் பார்த்தபோது மக்கள் எதிர்த்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது, அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றியது, 1994இல் ஆலை மூடப்பட்டது. பிறகுதான் கிளேடாங் மலையில் கழிவைப் புதைக்கும் நீண்ட வேலை. உலோகம் எங்கே போகும் என்பது முதல் நாளே தெரிந்திருந்தது, கழிவு எங்கே போகும் என்பது தெரியவில்லை.

உறிஞ்சுபொருள் ஆய்வே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க லம்பக் குட்டைகள். அவற்றில் மீன் வளர்க்கிறோம், தூண்டில் போடுகிறோம். ஆர்செனிக்கைப் பிடிக்க இரும்பு ஆக்சைடு போன்ற மலிவான பொருள்களே உண்டு. நம் பிள்ளைகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொடங்க வேண்டியது அங்கே: வீட்டருகே உள்ள குட்டையிலிருந்து ஒரு புட்டி நீர்.