தொண்ணூறு வயதில் வந்த ‘சர்’ பட்டம்

ரக்பி லீக் வீரர் பில்லி பாஸ்டனுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்துவிட்டது. 2025 ஜூன் மாதம் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் சார்லஸ் கையால் பெற்றுக்கொண்டார். வரலாறு படைக்கப்பட்டுவிட்டதாகப் பூரிக்கிறது பிரிட்டன். எனக்கோ எரிச்சல்தான் வருகிறது. அப்போது ரக்பி லீக் பிறந்து ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆட்டத்துக்காக இந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் இவர். அதுவும் 90 வயதில், மறதி நோய் தாக்கிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு. இதில் பூரிக்க என்ன இருக்கிறது?

கார்டிஃப் துறைமுகத்தின் டைகர் பே பகுதியில் 1934இல் பிறந்தவர் பாஸ்டன். தந்தையின் பூர்வீகம் சியரா லியோன். சொந்த ஊரின் கார்டிஃப் கழகத்துக்காக, ரக்பியின் மற்றொரு வடிவமான யூனியன் ரக்பி ஆட ஆசைப்பட்டார், கழகம் கூப்பிடவில்லை. 1953இல் 3,000 பவுண்டு கொடுத்து அழைத்துக்கொண்டது வடக்கு இங்கிலாந்தின் நிலக்கரி நகரமான விகன். அங்கே ஒரு சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில், 1954 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கான பிரிட்டன் அணியில் இடம்பிடித்தார். அந்தப் பயணத்தில் 18 ஆட்டங்கள், 36 ட்ரைகள் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதே ட்ரை).

விகனுக்காக ஆடிய ஆட்டங்கள் 488; ட்ரைகள் 478. இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்று. அதுவும் ஓரிரு பருவங்களுக்கு அல்ல, பதினைந்து ஆண்டுகளுக்கு! ஓரத்தில் ஓடுபவர்கள் ஒல்லியாக இருந்த காலத்தில், இடித்துத் தள்ளிக்கொண்டு போகும் உடம்போடு ஓடியவர் அவர். 1970இல் ஓய்வு பெற்றபோது மொத்தக் கணக்கு 571. அந்த ஆட்டத்தில் அவரை மிஞ்சியவர் பிரையன் பெவன் ஒருவரே.

இத்தனைக்கும் நடுவில் 1957. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பையை முடித்த பிரிட்டன் அணி, காட்சி ஆட்டங்களுக்காகத் தென்னாப்பிரிக்கா போனது. அங்கே நிறவெறி ஆட்சி. அணி போயிற்று, கறுப்பினத்தவரான பாஸ்டன் மட்டும் தனியே வீடு திரும்பினார்.

இப்படிப்பட்டவருக்கு ஏன் இத்தனை தாமதம்? விடை 1895இலேயே இருக்கிறது. சுரங்கத்திலும் ஆலையிலும் கூலி வேலை பார்த்தவர்கள், ஆட்டத்துக்காக இழந்த அரைநாள் கூலியை ஈடுகட்டக் கேட்டார்கள். ரக்பியை நடத்திய தெற்கத்திக் கனவான்கள் மறுத்தார்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு விடுதியில் கூடி, வடக்குக் கழகங்கள் பிரிந்துபோயின; அவர்கள் ஆட்டமே லீக், கனவான்களுடையது யூனியன். லீக் பக்கம் போனவருக்கு யூனியனில் ஆயுள் தடை. அந்தத் தடை நீங்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பட்டம் பெற்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். 2003 நவம்பரில் யூனியன் உலகக் கோப்பையை வென்றது இங்கிலாந்து. அடுத்த புத்தாண்டுக்கே பயிற்சியாளர் கிளைவ் உட்வர்டு ‘சர்’ ஆகிவிட்டார். ஆறே வாரம்! 1972இல் ரக்பி லீக் உலகக் கோப்பையை வென்ற பிரிட்டன் அணியின் தலைவர் கிளைவ் சல்லிவன், கறுப்பினத்தவர். இரண்டு ஆண்டு கழித்து அவருக்குக் கிடைத்தது எம்.பி.ஈ. என்ற கீழ்ப்படிப் பட்டம். 1985இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. இறந்தவருக்கு ‘சர்’ பட்டம் தரும் வழக்கம் கிடையாது; அவர் கணக்கு என்றென்றைக்கும் பாக்கிதான்.

“அது வட்டார ஆட்டம்தானே” என்கிறார்கள். 1954இல் பிராட்ஃபோர்டில் நடந்த கோப்பை மறு இறுதியாட்டத்துக்கு அதிகாரபூர்வக் கணக்கிலேயே 1,02,569 பேர் வந்தார்கள். எந்த வட்டாரம் இது? “தொழிலாளி வீட்டுக் கால்பந்து வீரர்களுக்குக் கொடுக்கவில்லையா” என்று கேட்பவர்களும் உண்டு. நாடு முழுக்கக் கொண்டாடிய கால்பந்தை ஒதுக்க அரண்மனைக்குத் துணிவு இருக்கவில்லை. லீக்கை ஒதுக்க இருந்தது. பரிந்துரைக் குழுக்களின் கண்ணில் விகன் படவில்லை என்று சொல்வதை நான் நம்பமாட்டேன். பார்த்தார்கள், பிடிக்கவில்லை. அதுதான் உண்மை.

பாஸ்டனுக்குத் தந்த பட்டம் கணக்கைத் தீர்க்கவில்லை. லீட்ஸில் பிறந்த லீக் வீரர் எல்லரி ஹான்லி, 1984-85 பருவத்தில் 55 ட்ரைகள் போட்டவர். ஆண்டின் சிறந்த வீரருக்கான விருதை மூன்று முறை வென்றவர். பிரிட்டன் அணிக்குத் தலைவர், பின்பு பயிற்சியாளர். 1990இல் எம்.பி.ஈ. கொடுத்தார்கள், அதோடு சரி. அவரும் அறுபதைக் கடந்துவிட்டார். தொண்ணூறு ஆகட்டும் என்று காத்திருக்காமல், அடுத்த பட்டியலிலேயே அவர் பெயரைச் சேர்க்க வேண்டும்.