செயலிக்குக் கூலி கொடுப்பவர் யார்?



சென்ற ரஜப் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தேன். மூன்று இளைஞர்கள் வந்து ஸலாம் உரைத்து நின்றனர். மூவரும் சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளைகள். இன்று பொறியியல் முடித்து மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர்.

“ஹஜ்ரத், நம் மஹல்லாவுக்கென ஒரு செயலி செய்யப் போகிறோம். தொழுகை நேரம், பாங்கு, கிப்லா, ஜனாஸா அறிவிப்பு, மத்ரஸா விடுமுறை எல்லாம் கைபேசியிலேயே வந்துவிடும். நிர்வாகத்தில் சம்மதம் வாங்கிவிட்டோம். ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். அதில் விளம்பரம் போட்டு வருமானம் பார்க்கலாமா? அது கூடுமா?” என்றார் அவர்களுள் மூத்தவர்.

மார்க்கச் சட்டம் கேட்டு வருபவரை வெறுங்கையுடன் அனுப்புவது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் அன்று அப்படித்தான் அனுப்பினேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்குச் செயலி எவ்வாறு உருவாகிறது என்பதே தெரியாது. தெரியாத பொருளுக்குச் சட்டம் சொல்லும் துணிச்சலை எங்கள் உஸ்தாதுமார்கள் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. “தம்பி, எப்படிச் செய்கிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள், இம்மூன்றையும் முதலில் எனக்குப் பாடம் நடத்துங்கள். பிறகு பார்ப்போம்” என்றேன். அடுத்து வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இஷாவுக்குப் பின் பாடம் நடந்தது. நான் கற்றுக்கொண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இம்மாதக் கட்டுரை. உங்கள் ஊரிலும் இப்படிச் சில பிள்ளைகள் இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும் உங்கள் கையில் ஒரு கைபேசி நிச்சயம் இருக்கிறது!

முதலில் செய்முறை. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு கோட்லின் என்னும் மொழியிலும் ஐஃபோனுக்கு ஸ்விஃப்ட் என்னும் மொழியிலும் தனித்தனியே நிரல் எழுதுவது ஒரு வழி. இரண்டு மனைகளில் இரண்டு வீடுகள் கட்டுவதைப் போன்றது இது. உறுதி மிகுதி, செலவும் இருமடங்கு. ஒரே நிரலை எழுதி இரண்டிலும் ஓடச் செய்வது மற்றொரு வழி. ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், கூகுள் 2018இல் முழுமையாக வெளியிட்ட ஃப்ளட்டர் ஆகியவை இதற்கான கருவிகள். இவை எதுவும் வேண்டாமென்று, கைபேசியின் உலாவியில் திறக்கும் இணையப் பக்கமாகவே செய்துவிடுவதும் உண்டு. 2007இல் ஐஃபோன் வெளிவந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியாருக்குக் காட்டியது இந்தக் கடைசி வழியை மட்டும்தான். செயலிகளை விற்கும் கடை மறு ஆண்டு ஜூலையில்தான் திறக்கப்பட்டது.

இவற்றுள் எது சிறந்தது என்று நான் கேட்டபோது மூவரும் மூன்று பதில் சொன்னார்கள்! அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இணையப் பக்கத் தொழில்நுட்பத்தை அளவுக்கு மீறி நம்பியது தங்கள் பெரிய தவறு என்று 2012இல் மார்க் ஸக்கர்பெர்க் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஃபேஸ்புக் செயலி அவ்வாண்டு ஐஃபோனுக்கே உரிய முறையில் புதிதாக எழுதப்பட்டது. ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம் ஒரே நிரல் போதுமென்று ரியாக்ட் நேட்டிவை ஏற்று, பின்னர் 2018இல் அதைக் கைவிட்டுத் தனித்தனி நிரலுக்கே திரும்பியது. பொறியாளர் படையையே வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இந்நிலை என்றால், மூன்று பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் செய்யும் பணிக்கு அளவுகோல் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

அந்த அளவுகோல் நம் ஊர் நிலவரத்திலேயே இருக்கிறது. மூவரில் இருவர் வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் விமானம் ஏறிய பிறகு இந்தச் செயலியை யார் பார்ப்பது? கிணறு வெட்டிவிட்டால் பல தலைமுறைக்குத் தண்ணீர் இறைக்கலாம். செயலி அப்படியன்று. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்ப ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டுமென்பது கூகுளின் விதி. திருத்தாமல் விட்டால், புதிய கைபேசி வாங்குவோர் கண்ணுக்கு அது கடையில் தென்படாமலே போய்விடும். ஆண்டுக்கொரு முறை தூர் வாருகிறவர் இல்லாத கிணறு இது.

மூன்றாமவருடைய தங்கை பி.சி.ஏ. முடித்துவிட்டு உள்ளூரிலேயே இருக்கிறார். ஃப்ளட்டர் கற்றவர். இந்த ஒரு செய்தியே அவர்கள் வாதத்தை முடித்து வைத்தது. ஒரே நிரல், அதுவும் ஃப்ளட்டரில், முதலில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. நம் நாட்டுக் கைபேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆண்ட்ராய்டுதானே! வெறும் இணையப் பக்கம் போதாதா என்றும் கேட்டேன். இணைய இணைப்பு இல்லாத வேளையிலும் சுப்ஹுக்குத் தவறாமல் பாங்கொலி எழுப்ப இணையப் பக்கத்தை நம்ப முடியாது என்றார்கள். ஜனாஸா அறிவிப்புக்கு மட்டும் ஒரு பக்கம் இருக்கும், செயலி வைத்திராதவரும் அதைப் பார்க்கலாம்.

இனி வருமானம். இங்கேதான் நான் தூக்கம் கெட்டேன்.

பொருளை விலைக்கு விற்பதும் சந்தா வாங்குவதும் நமக்குப் புதியவை அல்ல. நீங்கள் படிக்கும் இந்த இதழே உங்கள் சந்தாவினாலும் சில விளம்பரங்களாலும்தான் மாதந்தோறும் வெளிவருகிறது. செயலிக் கடையிலும் இவை உண்டு. வாங்குவோர் தரும் தொகையில் கடைக்காரரான ஆப்பிளும் கூகுளும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். நூற்றுக்கு முப்பது என்றிருந்த அந்தப் பங்கை 2021இல் சிறு வருமானக்காரர்களுக்குப் பதினைந்தாகக் குறைத்தார்கள். பெரும்பகுதியை இலவசமாகக் கொடுத்துவிட்டுச் சில வசதிகளுக்கு மட்டும் காசு வாங்குவாரும் உளர்.

ஆனால் விளம்பரம் என்ற சொல்லில்தான் ஏமாந்துவிடக் கூடாது. இவ்விதழின் பின்னட்டையில் ஒரு நகைக்கடை விளம்பரம் வருகிறது என்று வையுங்கள். நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள், அது உங்களைப் பார்ப்பதில்லை. நீங்கள் எந்த ஊரில், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு இதழைப் புரட்டினீர்கள் என்று அந்த நகைக்கடைக்குத் தெரியாது. கைபேசியில் வரும் விளம்பரத்துக்கோ பெரும்பாலும் கண்கள் உண்டு. பார்ப்பவர் யார், எங்கிருக்கிறார் என்று அறிந்தால் அதற்குக் கூடுதல் விலை கிடைக்கும். அந்தத் தகவலே தனிச் சரக்காகவும் விற்பனையாகிறது.

நாமெல்லாம் பயன்படுத்தும் வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டணம் கேட்ட செயலி அது. விளம்பரமே கூடாது என்பது அதனைத் தொடங்கியவர்களின் கொள்கை. 2014இல் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 2016இல் கட்டணம் நீக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தோம், நானும்தான். தொடங்கியவர்களுள் ஒருவரான பிரையன் ஆக்டன் 2017இல் அந்நிறுவனத்தை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு சிக்னல் என்னும் செயலிக்காக இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்துவதற்கு ஐந்து கோடி டாலர் கொடுத்தார். வாட்ஸ்அப்பின் நிலைத்தகவல் பகுதியில் விளம்பரம் வரும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. கூலி கொடுப்பவர் மாறினார், கொள்கையும் மாறிற்று.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் செயலிகளுள் உலகப் புகழ் பெற்றது முஸ்லிம் ப்ரோ. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் படைப்பு. 2020 நவம்பரில், அமெரிக்காவின் மதர்போர்ட் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அப்போது அந்தச் செயலி 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்னும் தரகு நிறுவனத்துக்குச் சென்றுகொண்டிருந்தது என்றும், அந்தத் தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்துக்கு ஒப்பந்தப் பணி செய்வோரும் இருந்தனர் என்றும் அச்செய்தி கூறியது. கிப்லா எத்திசை என்று கேட்டுத் தொட்ட விரல், தான் நிற்கும் இடத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது!

இராணுவத்துக்குத் தாங்கள் தகவல் விற்றதாகச் சொல்வது உண்மையன்று என முஸ்லிம் ப்ரோ மறுத்தது. அதே வேளையில் எக்ஸ்-மோட் உள்ளிட்ட தகவல் கூட்டாளிகளுடனான உறவை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம். அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட்டின் நிரலைச் செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லின. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குச் சென்று வந்தோரின் இருப்பிடத் தகவலை அந்நிறுவனம் விற்கலாகாது என்று தடை விதித்தது.

இது நிகழ்ந்த விதத்தைப் பிள்ளைகள் விளக்கியபோதுதான் எனக்குத் திகைப்பு ஏற்பட்டது. தரகு நிறுவனம் ஒரு சிறு நிரல் துண்டைக் கொடுக்கும். செயலி செய்பவர் அதைத் தம் செயலிக்குள் வைத்துக்கொண்டால் போதும், பணம் வரும். எனவே எப்படிச் செய்வது என்பதும் எப்படிச் சம்பாதிப்பது என்பதும் இரண்டு கேள்விகள் அல்ல. சம்பாதிக்கும் வழியைத் தேர்ந்தவுடனேயே செயலிக்குள் யார் குடியேறுவார் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

சரி, தொழுகை நேரம் சொல்வதற்கு நம் இருப்பிடம் தேவைதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எவ்வளவு தேவை என்பதை அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சூரியனின் கணக்கில் ஒரு தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம். நம் பகுதியில் ஒரு தீர்க்கரேகை என்பது கிழக்கு மேற்காக ஏறத்தாழ 109 கிலோமீட்டர். ஆக, 27 கிலோமீட்டர் நகர்ந்தால்தான் ளுஹர் வக்து ஒரு நிமிடம் மாறும். சென்னைக்கும் கோவைக்கும் இடையே சுமார் 13 நிமிடம். ‘சென்னை நேரத்துடன் இத்தனை நிமிடம் கூட்டிக்கொள்க’ என்று நம் வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டி பல்லாண்டுகளாகச் சொல்லி வருவது இதைத்தானே? ஊரின் பெயர் ஒன்றே போதும். தெருவும் வீடும் வேண்டியதில்லை.

மற்றவற்றையும் கைபேசியே தனக்குள் கணக்கிட்டுவிடும். சுப்ஹுக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும் வேளையைக் கொள்வதா, 15 பாகையைக் கொள்வதா, அஸருக்கு ஷாஃபிஈ மத்ஹபின்படி நிழல் ஒரு மடங்கா, ஹனஃபி மத்ஹபின்படி இரு மடங்கா என்பதை நாம் ஒருமுறை குறித்துக் கொடுத்தால் போதும். கஃபா 21 பாகை 25 கலை வட அட்சத்தில் நிற்கிறது. அது இடம் மாறப்போவதில்லை! நம் ஊர் தெரிந்தால் திசை வெறும் கணிதம்தான். இவற்றில் எதற்கும் நம் இருப்பிடம் கைபேசியை விட்டு வெளியே செல்ல வேண்டியதே இல்லை. வெளியே செல்கிறதென்றால் அது தொழுகைக்காகச் செல்லவில்லை.

இதன் பிறகே அவர்கள் கேள்விக்குப் பதில் சொன்னேன். விளம்பரத்தின் மூலம் வருமானம் ஈட்டுவதே ஹராம் என்று நான் சொல்லவில்லை. ஆகுமான பொருளுக்கு ஆகுமான விளம்பரம் ஆகுமானதே. ஆனால் தானியங்கி விளம்பரத்தில் எது வந்து விழும் என்பது முழுவதும் உங்கள் கையில் இல்லை. சில வகைகளைத் தடுத்து வைக்க வழி உண்டு என்றாலும், இஃப்தார் நேரத்துக்குக் கீழே வட்டிக் கடன் விளம்பரம் வந்து நிற்காது என்று உங்களால் உறுதி கூற இயலுமா? மஹல்லாவாசிகள் தங்கள் ஊரையும் நேரத்தையும் உங்களிடம் தருவது அமானிதமாக. அதைக் கண்ணுள்ள விளம்பரத்திடம் ஒப்படைப்பது கூடாது என்பதே என் கருத்து. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் தம் கடையின் பெயரை ஒரு மூலையில் போட்டுக்கொண்டு ஆண்டுக்கு இவ்வளவு என்று தருவாரானால், அது நம் நாட்காட்டி விளம்பரத்தைப் போன்றது. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

“அது போதாது ஹஜ்ரத், வளர வேண்டாமா?” என்றார் மூத்தவர். மற்றவர்களும் அதே எண்ணத்துடன்தான் இருந்தனர் என்பது முகத்தில் தெரிந்தது. நியாயமான ஆசைதான். உழைப்புக்குக் கூலி கேட்பதைப் பேராசை என்று நான் ஒருபோதும் சொல்லேன். பிற்காலத்தில் பல மஹல்லாக்களுக்கு இதே செயலியைச் செய்து கொடுத்து, ஒவ்வொரு ஜமாஅத்திடமும் ஆண்டுச் சந்தா வாங்கலாம் என்று பேசி முடித்தோம். பாங்கு ஒலி கேட்பவர் காசு தருவதில்லை, மோதினாருக்கு ஜமாஅத்தல்லவா சம்பளம் தருகிறது?

இதற்கிடையில் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று, எந்தெந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். ‘எப்போதும்’ என்றிருப்பதைப் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றலாம். புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் துல்லியமான இடத்தை மறைத்து, தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கவும் வழி உண்டு. தொழுகை நேரத்துக்கு அது தாராளம். என் மனைவி தம் கைபேசியைத் திறந்து பார்த்தபோது, டார்ச் விளக்கு எரிக்கும் ஒரு செயலி இருப்பிட அனுமதி பெற்றிருந்தது! செயலிக் கடையில், செயலி என்னென்ன தகவலை எடுக்கிறது என்ற பட்டியலும் உண்டு. ஆனால் அது செய்தவரே எழுதித் தருவது. அந்த அளவில் நம்பினால் போதும்.

ஷஃபான் மாத நிர்வாகக் கூட்டத்தில் இந்த விஷயம் வந்தது. பொருளாளர் கணக்கில் கெட்டிக்காரர். ஐஃபோன் கடையில் இடம்பெற ஆண்டுக்கு 99 டாலர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஐஃபோன் வைத்திருப்பவர் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்” என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. கூகுளுக்கு 25 டாலர் ஒருமுறை கட்டினால் போதும் என்றதும் பேனாவை எடுத்தார். பள்ளிவாசல் செலவுப் புத்தகத்தில் மோதினார் சம்பளம், மின்கட்டணம், ஹவுளு சுத்தம் செய்த கூலி ஆகியவற்றுக்குக் கீழே, ‘செயலி வகைக்கு’ என்று எழுதி, டாலரை ரூபாயாக்கிப் போடுவதற்காகத் தொகையின் இடத்தை மட்டும் காலியாக விட்டார்.