படியெடுப்போர் கடன்

ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் படியெடுத்த காலத்தில் நூல்களுக்கு நேர்ந்த இடர் இரண்டு. ஒன்று, பகுதி காணாமற்போதல். மற்றையது, எழுத்து மாறிப்போதல். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்கள் இல்லை என்பதை நாம் அறிவோம். தொகையும் வரிசையெண்ணும் நின்றமையாலேயே அவ்விழப்பு நமக்குப் புலனாயிற்று. ஆயின் எண்ணிக்கை எழுத்துப்பிழையைக் காட்டாது. அதனைக் காண்டற்குப் படிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கும் பேருழைப்பு வேண்டும். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய நம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அவ்வுழைப்பின் அருமையை நன்கறிந்தவர்.

இவ்விரு இடர்களும் கணினியையும் விட்டுவைக்கவில்லை. 1974இல் கேரி கில்டால் ஆக்கிய சி.பி./எம். என்னும் இயக்க முறைமையைக் கையாண்ட அமெரிக்க ஆர்வலர், தம் சங்கங்களின் வாயிலாகச் செயல்நிரல்களை 8 அங்குல நெகிழ்வட்டுக்களிற் படியெடுத்து வழங்கினர். ஒற்றையடர்த்தி வட்டொன்றில் 77 தடங்கள். தடமொன்றில் 26 பகுதிகள். பகுதியொன்றில் 128 பைற்றுக்கள். ஆக 2,56,256 பைற்றுக்கள். இவற்றுள் ஒன்று திரிந்தாலும் செயல்நிரல் கெடலாம். வட்டின் அட்டவணையோ கோப்பின் பெயர், அளவு முதலியவற்றைக் கூறுமேயன்றி, உள்ளடக்கம் திரிந்ததா என்பதைக் கூறாது.

ஆதலின் அவர்கள் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு எதிரேயும் ஒரு சரிபார்ப்பெண்ணைக் கணித்தெழுதிய பட்டியலை வட்டுடன் சேர்த்தனர். பைற்றுக்களை வெறுமனே கூட்டினால் இடம் மாறிய பிழை தப்பிவிடும். 47, 74 என்னும் இரண்டிலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 11 அன்றோ? 7ஆல் வகுத்தாலோ முன்னதில் 5உம் பின்னதில் 4உம் மீதியாகும். இவ்வாறு மீதி காணும் கருத்தை அடியாகக் கொண்டதே சி.ஆர்.சி. முறை. அதன் 16 பிட்டு எண் 65,536 வகைப்படும். கண்மூடித்தனமாய் நேரும் பிழையொன்று அதற்குத் தப்புதல் ஏறக்குறைய 65,536இல் ஒரு முறையே.

"வட்டுப்பொறி தானே பிழையைச் சோதிக்கின்றது, பட்டியல் எதற்கு?" என வினவுவாருளர். வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் சோதனையெண் உண்டென்பது மெய்யே. ஆயின் அஃது எழுதியதும் படித்ததும் ஒன்றா என்பதை மட்டுமே பார்க்கும். பிழையானதை எழுதினால், அப்பிழைக்கும் பொருத்தமான எண்ணையே பொறி இட்டுவைக்கும். மூலத்தோடு ஒப்பிடுதல் அதன் தொழிலன்று.

பட்டியல் இருந்தால் மட்டும் போதும் என்பதும் எம் கருத்தன்று. படியெடுத்த பின் ஆக்கிய பட்டியல் பிழைக்கே சான்றிதழ் வழங்கிவிடும். மூலத்திலிருந்தே அதனை ஆக்கல் வேண்டும். எம்முறையாற் கணித்தது, எந்நாளிற் கணித்தது என்பனவும் குறித்தல் வேண்டும். சி.பி./எம். உரைக்கோப்பில் முடிவுக்குறியின் பின் எஞ்சிய இடத்தில் நிற்பவை வேறுபட்டால், உரை ஒன்றாயிருந்தும் எண் வேறாகும். இக்குறிப்பின்றிப் பட்டியலைக் காண்பவன் நல்ல படியைப் பழுதென எறிந்துவிடுவான். பட்டியலின் மற்றொரு படியைக் கடதாசியில் அச்சிட்டு வேறிடத்தில் வைத்தலும் நன்று. வட்டோடு அதுவும் அழிந்தால் பயனென்னை?

சி.ஆர்.சி. தற்செயலான பிழையையே காட்டும். வேண்டுமென்று செய்த மாற்றத்தை மறைத்தல் அரிதன்று. அதற்கென இன்று ஷா-256 போன்ற முறைகள் உள. எம்முறையாயினும், படி மூலத்தை ஒத்தது என்பதை அது காட்டுமேயன்றி, மூலம் சரியானது என்பதைக் காட்டாது. அத்தீர்ப்பு கற்றோர்க்கே உரியது.

பழைய மலர்களையும் ஏடுகளையும் கணினியில் ஏற்றும் நற்பணியில் இன்று இளைஞர் பலர் முனைந்துள்ளனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையினர் அப்பணியின் அருமையை உணர்வர். அவ்விளைஞரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: கோப்புக்களைத் தொகுக்கும் அன்றே பட்டியலையும் ஆக்குக, அதனை ஆக்கிய முறையையும் எழுதிவைக்குக. ஐம்பது ஆண்டின் பின் அக்கோப்பைத் திறப்பவன் நம்மிடம் வந்து வினவ இயலாது. அவனுக்கு நாம் விட்டுச்செல்லும் விடை அப்பட்டியலே.