கல்லணைக்கு இன்னொரு பலகை வேண்டும்

பூதலூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்கு வருகிறவர்கள் யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலை முன் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. இந்த டெல்டாவைத் தோற்றுவித்தவன் அவன் என்றுதான் பள்ளிப் பாடத்திலிருந்து சுற்றுலாக் கையேடுவரை படித்து வளர்கிறோம். சரி, கல் சுமந்தவர்கள் யார்?

"அரசனுக்குச் சான்று இருக்கிறது, சுமந்தவர்களுக்கு இல்லையே" என்பது வழக்கமான பதில். முதலில் அரசனின் சான்றையே பார்த்துவிடுவோம். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் கல்லணை இல்லை. காவிரிக்குக் கரை எடுத்த பெருமையை அவன் பெயரில் எழுதுபவை பல நூற்றாண்டுகள் கழித்து வந்த செப்பேடுகள். தெலுங்குச் சோழர்களின் சாசனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அடங்கிய மன்னர்களை வைத்துக் கரை கட்டுவித்தான் என்கின்றன. மண் சுமந்த தலையைப் பற்றிச் சொல்ல வந்த இடத்திலும் அதற்கு ஒரு கிரீடம் மாட்டிவிட்டார்கள்! சிங்கள நூலான ராஜாவலிய மட்டும், காவிரி வேலைக்காக 12,000 பேரைச் சோழ அரசன் சிறைபிடித்துப் போனதாகச் சொல்கிறது. அதுவும் பிற்காலக் கதைதான். ஆனாலும் அந்தக் கதையிலாவது கூலியில்லாத உழைப்பாளி இருக்கிறான்.

கரிகாலன் கட்டவில்லை என்று வாதாடுவது என் வேலை அல்ல. அவனுக்குக் கதையே போதுமானதாக இருக்கும்போது, நமக்கு மட்டும் ஏன் கல்லில் எழுதிக் காட்டச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கல்லிலும் எழுதித்தான் இருக்கிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய இடங்களின் பட்டியலை அங்குள்ள கல்வெட்டுகளில் படியுங்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியே வருகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்பது 1,000 ஆண்டுகளுக்கு முன்பே அரசு ஆவணம்.

வெள்ளையர் ஆட்சியில் அது சட்டமாகவும் வந்தது. சென்னை மாகாணத்துக்கான 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டப்படி, ஆற்றுக்கரையோ ஏரிக்கரையோ உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து 'உழைக்கும் வகுப்பு' ஆண்களை வேலைக்கு இழுக்கலாம். வர மறுத்தால் தண்டனை. கரையால் நஞ்சை பிழைத்த நிலவுடைமையாளர் மண்வெட்டி எடுக்க வேண்டியதில்லை. குடிமராமத்து என்ற வழக்கப்படியான வேலையையும் இதே சட்டம் கட்டாயமாக்கியது. 2017இல் அந்தப் பெயரில் அரசுத் திட்டம் வந்தபோது, ஊர் கூடித் தேர் இழுத்த பொற்காலமாகவே பலர் அதைக் கொண்டாடினார்கள். அந்தக் கூட்டத்தில் யார் கூப்பிட்டு வந்தார், யார் இழுத்துவரப்பட்டார் என்று யாரும் கேட்கவில்லை. தஞ்சைப் பண்ணையாள்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆனது.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். இழிவை அழிப்பது பாதி வேலை. அழித்த இடத்தில் என்ன எழுதப் போகிறோம்? இந்த நிலத்தை உண்டாக்கியவர்கள் என்று எழுத முடியாதா?

கல்லணையிலேயே தொடங்கலாம். பெரிய மண்டபமெல்லாம் வேண்டாம், ஒரு பலகை போதும். பெரிய கோயில் கல்வெட்டின் அந்தச் சேரிப் பெயர்கள், 1858 சட்டம், 1952 சட்டம், வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் திருப்பிவிட்ட நீர்பாய்ச்சிகளின் வேலை: இவ்வளவும் அதில் இருக்கட்டும். ஒதுக்குப்புறமாக மட்டும் வைக்காதீர்கள். யானைக்கு நேர் எதிரே நடுங்கள்.