நசுங்கும் வண்டியே நல்ல வண்டி

விபத்தில் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய காரைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவராவது சொல்வார்: "எல்லாம் தகரம்! அந்தக் கால அம்பாசிடரா இருந்தா அசைஞ்சிருக்குமா?"

இந்த நம்பிக்கையை அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2009-இல் சோதித்தே பார்த்துவிட்டது. 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர் ஒருபுறம், 2009-இன் செவ்ரோலே மாலிபு மறுபுறம். இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பழைய காரின் உட்கூடே சிதைந்து, ஸ்டீயரிங் ஓட்டுநர் பொம்மையை நோக்கிப் பாய்ந்தது. அங்கே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் முன்பக்கம் உருத்தெரியாமல் போனது. ஆனால் அதன் ஓட்டுநருக்குக் காலில் காயம் பட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இதில் மாயம் ஏதுமில்லை, பள்ளிப் பாட இயற்பியல்தான். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவரது உந்தம் 1,000 அலகு. வண்டி எப்படி நின்றாலும் அந்த 1,000 பூஜ்யமாகியே தீர வேண்டும். எவ்வளவு தூரத்தில் ஆகிறது என்பதுதான் உயிர்க்கணக்கு. முன்பக்கம் நசுங்கி, அவர் 60 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் உடல் தாங்க வேண்டிய சராசரி விசை சுமார் 1.4 டன் எடைக்குச் சமம். வண்டி விறைப்பாக நின்று, 10 சென்டிமீட்டரிலேயே எல்லாம் முடிந்தால் 8 டன்னைத் தாண்டிவிடும். மெர்சிடஸ் பொறியாளர் பெலா பரேனி இதைப் புரிந்துகொண்டுதான், நடுவில் உறுதியான கூடும் முன்னும் பின்னும் நசுங்கும் பகுதிகளும் கொண்ட காரை வடிவமைத்து 1952-இல் காப்புரிமை பெற்றார்.

இத்தனை யோசித்துச் செய்த வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்த மறுவாரமே, முன்னால் கனத்த இரும்புக் குழாய்த் தடுப்பைப் பொருத்திக்கொள்கிறார்கள். சட்டகத்தோடு நேராக இறுகப் பிணைத்த அந்தக் குழாய், நசுங்க வேண்டிய இடத்தை நசுங்கவிடாமல் கெடுத்துவிடும். ஏர்பேக் விரிய வேண்டிய கணத்தையும் குழப்பலாம். குறுக்கே நடந்து வந்தவர் கதியைச் சொல்லவே வேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதற்குத் தடை போட்டது. மிடுக்குக்காக இன்னும் மாட்டிக்கொண்டு திரிவது வீரமல்ல, அறியாமை.

வேகத்தின் கணக்கு இன்னும் கொடியது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 60-லிருந்து 80-க்கு அழுத்தினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆற்றலோ 78 சதவீதம் கூடிவிடும். நசுங்கும் பகுதியின் நீளம் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

பின்சீட்டில் பெல்ட் போடாதவருக்கு அந்த நீளத்தாலும் பயனில்லை. வண்டி நின்ற பிறகும் அவர் பழைய வேகத்திலேயே போய் முன்சீட்டில் மோதுவார். அடுத்த சர்வீஸில் அந்தக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் மாட்டிய பிறகே வண்டியை எடுங்கள்.